16-ல் கூப்பிட்டால் கரையில் யார் கேட்கிறார்கள்?

வத்தைக்காரன் (தங்கச்சிமடம்), ஞாயிறு இரவு 8.10

நடந்ததை முதலில் சொல்கிறேன், கேள்வி கடைசியில்.

போன வாடைக்காலம். நாட்டுப்படகு, நான்கு பேர், வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம். கயிறு இன்ஜினில் சுற்றி ஒருவன் கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. செல்போனை எடுத்தால் சிக்னல் நன்றாகவே இருந்தது, ஆனால் இலங்கைச் சிக்னல். வி.எச்.எஃப் வயர்லெஸ் செட்டில் 16-ஆம் சேனலைப் போட்டுக் கத்தினேன். கரைக்கு நெருக்கமாக இருந்த வேறொரு படகு கேட்டது. அவர்கள் செல்லில் கூப்பிட்டு ஊருக்குச் சொன்னார்கள். ஊரிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் ஓர் இறங்குதுறையில் வந்து நின்றது. காக்கிச்சட்டை வண்டி ஒன்று வேறு இறங்குதுறையில் நின்றது. காற்று தள்ளியதில் நாங்கள் ஏறியது மூன்றாவது இடம். அந்த இரண்டு வண்டியும் ஒன்றோடொன்று பேசியிருந்தாலே போதும், அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும். பையனுக்கு இரண்டு விரல் போனது. யார்மேல் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, எந்த ஊர் எந்த அலுவலகம் என்றும் கேட்காதீர்கள். வந்தவர்கள் எல்லாரும் வேகமாகத்தான் வந்தார்கள்.

கேள்வி இதுதான். அவசரத்துக்கு ஓடி வருகிற எல்லாருக்கும் பொதுவாக ஓர் அலைவரிசை ஒதுக்க என்ன தடை? அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் என்ன எழுதுவது என்று சொல்லுங்கள்.

பழைய மைக், இரவு 8.52

தம்பி, நான் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தடை என்ன என்று கேட்டீர்கள். அலைவரிசை புறம்போக்கு நிலம் மாதிரி இல்லை, ஒவ்வொன்றுக்கும் பட்டா உண்டு. பட்டா கொடுப்பது டெல்லியில் தொலைத்தொடர்புத் துறைக்குக் கீழே இருக்கும் வயர்லெஸ் திட்டமிடல் பிரிவு. 1952-லிருந்து இருக்கிறது. போலீஸ் தனியாக விண்ணப்பம் போடும், தீயணைப்பு தனியாகப் போடும், துறைமுகம் தனியாகப் போடும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு கம்பெனி செட் வாங்கினார்கள். உங்கள் 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அது உலகம் முழுக்கக் கப்பல்களுக்கு என்று ஒதுக்கியது. எங்கள் மைக்கில், அதாவது போலீஸ் வயர்லெஸ் செட்டில், அந்த அலைவரிசையைப் போட்டே வைத்திருக்க மாட்டார்கள். ஆம்புலன்ஸுக்குச் செல்போன்தான். பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் பேச முடியாது என்பது கவனக்குறைவால் வந்ததில்லை, ஏற்பாடே அப்படி.

இதற்குச் சரியான மருந்து டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2018 ஜூனில் எழுதிக் கொடுத்தது. எல்லா அவசரத் துறைக்கும் நாடு முழுக்க ஒரே வலைப்பின்னல், எல்.டி.இ தொழில்நுட்பத்தில், அதாவது 4ஜி செல்போன் மாதிரி. அதற்கென்று தனியாக 814-824, அதற்கு ஜோடியாக 859-869 மெகாஹெர்ட்ஸ், அதாவது 10+10. முதலில் ஐந்து மண்டலங்களில் சோதித்துப் பாருங்கள் என்றும் சொன்னார்கள். கடல், எல்லை, புயல் மூன்றும் நம் மாவட்டத்தில் இருக்கிறதே. மனுவில் அதைக் கேளுங்கள். கை வைத்தியம் எதுவும் கேட்காதீர்கள்.

கோபுரம்42, இரவு 9.15

பரமக்குடிக்காரன், செல்போன் கோபுர வேலையில் பதினோரு வருடம். பழைய மைக் ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஒப்புக்கொள்ள முடியவில்லை.

800 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 10+10 என்பது சின்ன விஷயம் இல்லை. ரயில்வேக்கு 2021-ல் 700 மெகாஹெர்ட்ஸில் 5 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தார்கள், அதுவும் தினசரி ரயில் ஓட்டுவதற்கு. நீங்கள் கேட்பது அதைவிடப் பெரிய பங்கு, வருடத்தில் பத்து நாள் முழு வேகத்தில் ஓடுவதற்கு. திருவிழா அன்னதானத்துக்கு என்று ஊர் நடுவில் ஒரு சத்திரத்தைக் கட்டிப் பூட்டி வைத்த மாதிரி. பணம் யார் போடுவது? கோபுரம், மின்சாரம், பேட்டரி, செட், ஆள் எல்லாம் வேண்டும். அலைக்கற்றையை எழுதிக் கொடுத்துவிட்டால் கோபுரம் தானாக முளைக்காது.

இருக்கிற செல்போன் வலைப்பின்னலிலேயே அவசரக்காரர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பேரிடர் நேரத்தில் மீட்புப் பணியாளர்களின் அழைப்பை முதலில் அனுப்பும்படி சொல்ல அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஒரு கம்பெனி கோபுரம் செத்தால் மற்றதில் ஏறிக்கொள்ளும் ரோமிங்கையும் புயல் நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். செலவு குறைவு, நாளைக்கே செய்யலாம்.

சும்மா ஒரு ஆள், இரவு 9.17

அலைக்கற்றையா? மறுபடியும் முதலில் இருந்தா?

மட்டுறுத்துநர், இரவு 9.20

அந்த 2ஜி வழக்கை இங்கே இழுக்க வேண்டாம். கச்சத்தீவையும்தான். இரண்டுக்கும் தனித் திரிகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கின்றன.

பழைய மைக், இரவு 9.48

கோபுரம் தம்பி, நீங்கள் சொன்ன வழியில் ஏற்கெனவே ஒரு நாடு போயிருக்கிறது. பிரிட்டன். 380-400 மெகாஹெர்ட்ஸில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் டெட்ரா என்ற டிஜிட்டல் வயர்லெஸ் வலைப்பின்னல் இருந்தது. அதை மூடிவிட்டு ஒரு தனியார் செல்போன் கம்பெனியின் 4ஜி-யில் முன்னுரிமை வாங்கிக்கொள்ளலாம், செலவு குறையும் என்று 2015-ல் ஒப்பந்தம் போட்டார்கள். பத்து வருடம் ஆகியும் பழைய டெட்ராவை அணைக்க முடியவில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சத்திரம் பூட்டிக் கிடக்கும் என்றீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்கா 2012-ல் சட்டம் போட்டு 700 மெகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸை அவசரத் துறைகளுக்கு ஒதுக்கியது. 2017-ல் ஏ.டி அண்ட் டி கம்பெனியிடம் 25 வருட ஒப்பந்தத்தில் நடத்தக் கொடுத்தது. சும்மா கிடக்கும் நேரத்தில் கம்பெனி தன் வாடிக்கையாளருக்கு விற்றுக்கொள்ளலாம். தீயணைப்புக்காரர் பேச எடுத்தால் மற்றவர்கள் விலக வேண்டும். சத்திரத்தை மற்ற நாளில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதுதான், வேறொன்றுமில்லை.

கோபுரம்42, இரவு 10.05

அதே அமெரிக்காவில் 2020 கிறிஸ்துமஸ் அன்று நாஷ்வில் நகரத்தில் அந்தக் கம்பெனிக் கட்டடத்துக்கு வெளியே ஒருவன் வெடிகுண்டு வைத்தான். அவசர அழைப்பும் அறுந்துபோனது, நீங்கள் புகழும் அந்த வலைப்பின்னலும் சில இடங்களில் படுத்தது. தனி அலைக்கற்றை இருந்தாலும் போய்ச் சேருவது அதே கட்டடம், அதே ஃபைபர், அதே ஜெனரேட்டர்தானே.

ஹாம் காக்கா (கீழக்கரை), இரவு 10.31

இரண்டு பேரும் கரையில் நின்றுகொண்டே சண்டை போடுகிறீர்கள். தம்பிக்கு விரல் போனது கடலில்.

நான் அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கி 20 வருடம் ஆகிறது. ஒரு கணக்கு சொல்கிறேன், மனுவுக்கு உதவும். வி.எச்.எஃப் அலை நேர்க்கோட்டில் போகும், பூமியின் வளைவு அதை வெட்டிவிடும். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் போட்டு, இரண்டு பக்கத்தையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் தோராயமாக எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று வரும். படகில் 3 மீட்டர், எதிர்ப் படகிலும் 3 மீட்டர் என்றால் 14 கிலோமீட்டர். கரையில் 50 மீட்டர் கோபுரம் என்றால் 36 கிலோமீட்டர். ராமேஸ்வரத்திலிருந்து கிழக்கே எல்லைக்கோடு அதற்குள் வந்துவிடும். ஆக, கரையில் நாலைந்து உயரமான ஆன்டெனாவும் அதன் கீழே தூங்காமல் கேட்கும் ஆளும் இருந்தால் வடகடல் முழுக்க 16-லேயே பேசலாம். புது அலைக்கற்றை ஓர் இம்மி வேண்டாம்.

சிலர் கொரியாவைக் காட்டுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். 2014-ல் செவோல் படகு மூழ்கி 304 பேர் இறந்த பிறகு அவர்கள் 700 மெகாஹெர்ட்ஸில் நாடு முழுக்க அவசர வலைப்பின்னல் கட்டினார்கள், 2021-ல் முடித்தார்கள். கடலுக்கும் தனியாக எல்.டி.இ போட்டார்கள், கரையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை. நல்ல வேலை, பாராட்ட வேண்டும். ஆனால் மேலே சொன்ன கணக்கில் 100 கிலோமீட்டர் எட்ட ஆன்டெனா ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்குக் கரையோரம் மலை இருக்கிறது. நமக்கு இருப்பது கந்தமாதன பர்வதம். ஏறி இறங்க ஐந்து நிமிடம்.

வத்தைக்காரன், இரவு 10.50

காக்கா, நான் கேட்க நினைத்தது இதுதான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் வலைப்பின்னல் கேட்கவில்லை. ஒரே ஒரு சேனலில் எல்லாருக்கும் காது வேண்டும்.

பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். பகலில் கூண்டு, ராத்திரியில் விளக்கு. 3-ஆம் எண் ஏற்றினால் கலெக்டருக்கும் எனக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். எந்தத் துறையின் கூண்டு, யாருக்கு உரிமம் என்று யாரும் கேட்பதில்லை. ரேடியோவில் அப்படி ஒன்று இருந்தால் போதாதா?

பழைய மைக், இரவு 11.20

போதாது. கூண்டைக் கடத்தல்காரனும் பார்க்கலாம், நஷ்டம் இல்லை. ஆனால் இந்தக் கரையில் கடல் அட்டை போகிறது, கஞ்சா போகிறது, பீடி இலை போகிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு ஆட்கள் கடல் வழியாகத்தான் வந்தார்கள். ரோந்து வண்டி எந்த இறங்குதுறையில் நிற்கிறது என்பதைத் திறந்த சேனலில் சொன்னால் கேட்பது நீங்கள் மட்டும் இல்லை. அதனால்தான் ரகசியக் குறியீட்டோடு ஒரே வலைப்பின்னல் என்கிறேன். ஒரு தடவை சரியாகச் செய்தால் ஐம்பது வருடத்துக்கு நிற்கும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். 16-ல் பாட்டுப் போடுகிறவன் யார்? மைக் பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு மணிக்கணக்கில் கதை பேசுகிறவன் யார்? கடலோரக் காவல்படை அந்தச் சேனலைக் கேட்கத்தான் செய்கிறது. அவர்கள் காதை அடைப்பது உங்கள் ஆட்கள்தான். இணையத்தில் வாங்கிய உரிமம் இல்லாத சீன வாக்கி டாக்கி வேறு. உரிமம் இல்லாமல் பேச அனுமதித்திருப்பது 446.0-லிருந்து 446.2 வரை மட்டும், அதுவும் குறைந்த சக்தியில். அந்த செட்டை வைத்து வாய்க்கு வந்த அலைவரிசையில் பேசுகிறார்கள்.

வத்தைக்காரன், இரவு 11.31

பாட்டு விஷயம் உண்மை. மறுக்க மாட்டேன். எங்கள் சங்கத்திலேயே சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. நல்ல மீன்பாடு கிடைத்த இடத்தை மட்டும் ஒருத்தனும் ரேடியோவில் சொல்ல மாட்டான், அது வேறு ரகசியம்.

ஆனால் ஐயா, ரோந்து விவரத்தை 16-ல் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்குள் ஆயிரம் பேசிக்கொள்ளுங்கள். வாசல் கதவைத் தட்டினால் கேட்கிற மாதிரி ஒருவர் இருக்க வேண்டும் என்கிறேன். காயம்பட்டவன் எந்த இறங்குதுறைக்கு வருகிறான் என்பது என்ன ராணுவ ரகசியமா?

இரவுப்பணி, திங்கள் காலை 6.05

ஷிஃப்ட் முடிந்து வந்து இப்போதுதான் படித்தேன். ஆம்புலன்ஸில் வேலை பார்த்திருக்கிறேன், இப்போது மருத்துவமனைப் பக்கம். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. அழைப்பு வந்ததும் கைக்கு வருவது ஒரு செல்போனும் ஓர் ஊர்ப்பெயரும். அந்தப் பெயரைத் தூரத்தில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் எழுதியிருப்பார். முத்துப்பேட்டை என்று வரும். நம் மாவட்டத்திலும் முத்துப்பேட்டை இருக்கிறது, திருவாரூரிலும் இருக்கிறது. ஒரு தடவை எங்களுக்கு வந்த அழைப்பு அங்கே போக வேண்டியது. அது போகட்டும், பாம்பன் என்று மட்டும் சொல்வார்கள். பாம்பனில் எங்கே? வடக்கா, தெற்குவாடியா, குந்துகாலா? ராமேஸ்வரம் என்பார்கள். ஓலைக்குடா, சங்குமால், வில்லூண்டி எல்லாம் ராமேஸ்வரம்தான். எல்லாருக்கும் ஒரே சேனல் கொடுத்தாலும் "லைட்ஹவுஸ் பக்கத்தில் வா" என்று சொன்னால் எந்த லைட்ஹவுஸ்?

அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்குப் பிறகு ஒரு விதி போட்டார்கள். ஒவ்வொரு துறையும் தங்களுக்குள் வைத்திருந்த எண் குறியீட்டு மொழியை, பல துறைகள் சேரும் இடத்தில் பேசக்கூடாது, வெறும் பேச்சு மொழியில்தான் பேச வேண்டும் என்று. ஒரு துறையில் ஓர் எண்ணுக்கு ஓர் அர்த்தம், பக்கத்துத் துறையில் வேறு அர்த்தம் என்று இருந்ததால். அலைவரிசை அதிகாரிகள் இதைக் கொள்கை என்றே நினைப்பதில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் கொள்கை.

ஒவ்வொரு இறங்குதுறைக்கும் ஓர் எண் கொடுத்துப் பெரிதாகச் சுவரில் எழுதுங்கள். கடலிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும், ரோட்டிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். பெயிண்ட் செலவு மட்டும்.

கோபுரம்42, காலை 7.40

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. நானும் அதையே வேறு வழியில் சொல்கிறேன். கருவி இருந்தும் உதவாத கதை நிறைய. நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு தீயணைப்புக்காரர்களுக்காகவே ரிப்பீட்டர் (செட்டின் சிக்னலை வாங்கிப் பலமாக்கி அனுப்பும் கருவி) வைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 காலையில் அது வேலை செய்யும் நிலையில்தான் இருந்தது. வடக்குக் கோபுரத்தில் அதை இயக்க இரண்டு பொத்தான் அழுத்த வேண்டும். இரண்டாவது பொத்தான் அழுத்தப்படவே இல்லை என்று விசாரணை ஆணையம் எழுதியது. அன்றைக்கு இறந்த தீயணைப்புக்காரர்கள் 343 பேர். எல்லாமே பொத்தானால் என்று சொல்லவில்லை. ஆனால் அலைக்கற்றை சட்டம் வந்தது பதினோரு வருடம் கழித்து, பொத்தான் பழக்கத்துக்குச் சட்டம் தேவையே இல்லை.

கொரியாவும் அப்படித்தான். 2022-ல் சியோலில் ஈட்டேவோன் நெரிசலில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். அத்தனை செலவில் கட்டிய வலைப்பின்னல் கையில் இருந்தும் துறைகள் ஒன்றோடொன்று சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று கடும் விமர்சனம் வந்தது.

பழைய மைக், காலை 8.15

பொத்தானை அழுத்தப் பொத்தான் வேண்டுமே தம்பி. இங்கே பொத்தானே இல்லை.

நான் கஜாவை மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. டெல்டா முழுக்க செல்போன் கோபுரம் சாய்ந்தும், சாயாதவை கரண்ட் இல்லாமலும் கிடந்தன. உங்கள் முன்னுரிமை அழைப்பு எதில் ஏறிப் போகும்? கோபுரமே இல்லாதபோது முதல் ஆள் என்ன, கடைசி ஆள் என்ன?

ஹாம் காக்கா, காலை 8.40

இந்த இடத்தில் மைக் ஐயா பக்கம்தான் நான். ஆனால் அவர் கேட்கிற எல்.டி.இ-யும் அதே கோபுரத்தில்தான் தொங்கும் என்பதை அவர் வசதியாக விட்டுவிட்டார்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தற்செயலாக இருந்தது. பாரதி பிரசாத் என்ற அம்மா தலைமையில், வேறு நோக்கத்துக்காகப் போனவர்கள். தொலைபேசி போனதும் அவர்களுடைய எச்.எஃப் (வெகுதூரம் எட்டும் சிற்றலை) செட்தான் போர்ட் பிளேரிலிருந்து சேதி சொன்னது. ஒரு பேட்டரி, ஒரு கம்பி, கேட்கத் தெரிந்த ஓர் ஆள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ரயில் அலையில் போனதே, அந்தச் சேதி வெளியே வர எத்தனை நேரம் ஆனது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

நாட்டில் எல்லாரும் புதுக் கருவி வாங்கியபோது கடல் வி.எச்.எஃப் மட்டும் ஏன் பழைய அனலாக்கிலேயே நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எந்த நாட்டுக் கப்பலும், எந்தக் கம்பெனி செட்டும், உள்ளே மென்பொருள் எதுவும் கேட்காமல் 16-ல் பேச வேண்டும் என்பதற்காகத்தான். அது பின்தங்கியதால் இல்லை.

ஒரு சிக்கலும் இருக்கிறது, மனுவில் மறைக்காமல் எழுத வேண்டும். வெயில் காலத்தில் கடலுக்கு மேலே காற்று அடுக்கு அடுக்காக நிற்கும்போது வி.எச்.எஃப் அலை குழாய்க்குள் போவது மாதிரி வெகுதூரம் போகும். தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து 30 கிலோமீட்டர்தான். இலங்கை எஃப்.எம் நம் வீட்டு ரேடியோவில் தெளிவாகக் கேட்பதே அதனால்தான். அந்தப் பக்கத்து அவசரச் சத்தமும் நம் 16-ல் விழும், நம்முடையது அங்கே விழும். எனக்கு அது நல்லதாகத்தான் படுகிறது. மூழ்குகிறவன் எந்த நாட்டுக்காரன் என்று 156.8 கேட்பதில்லை. ஆனால் மைக் ஐயா சொல்லும் புது வலைப்பின்னலை 800 மெகாஹெர்ட்ஸில் இந்தக் கரையில் போடுவதற்கு முன்னால் கொழும்போடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். டெல்லியில் வரைபடத்தில் கோடு போடுவது சுலபம்.

பழைய மைக், காலை 9.30

கொழும்போடு பேசுவது புதிதில்லை, செல்போன் கம்பெனிகளுக்கும் அதே சிக்கல் இருக்கிறது. வத்தைக்காரத் தம்பியின் போனில் வந்த சிக்னலே சாட்சி.

சரி, காக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். கோபுரம் விழுந்த பிறகு செட்டுக்குச் செட் நேராகப் பேசும் வசதி இல்லாத எந்த வலைப்பின்னலும் எனக்கும் வேண்டாம்.

வத்தைக்காரன், மதியம் 1.20

கரைக்கு வந்து படித்தேன். ஒரு சந்தேகம். தீயணைப்பு நிலையத்தில் 16 கேட்கிற செட் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தால் வைத்துக்கொள்வார்களா?

பழைய மைக், மதியம் 1.45

வைக்க முடியாது. கடல் அலைவரிசையில் கரையிலிருந்து பேசக் கரை நிலைய உரிமம் வேண்டும். மாநில போலீஸே தன் அலைவரிசைக்கு மத்திய அரசுக்கு ராயல்டி கட்டுகிறது. தீயணைப்பு நிலையம் எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கும்? தணிக்கைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஹாம் காக்கா, மதியம் 2.10

பார்த்தீர்களா, இரண்டு நாளாகத் தேடியது இங்கே இருக்கிறது. அலைக்கற்றைக் கொள்கை என்றால் ஏலம், ஆயிரம் கோடி என்று பேசினோம். தடுப்பது ஓர் உரிமமும் ஒரு கட்டணத் தலைப்பும்.

2012-ல் 2ஜி வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அலைக்கற்றையை ஏலம் இல்லாமல் யாருக்கும் கொடுக்க எல்லாருக்கும் பயம். 2023 சட்டம் அந்தப் பயத்தைப் போக்க ஒரு பட்டியல் போட்டது. ஏலம் இல்லாமல் நிர்வாக முறையில் ஒதுக்கக்கூடிய தேவைகள் அதில் இருக்கின்றன. பேரிடர் மேலாண்மையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் கடலோர மாவட்டங்களில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் நிற்கும் இடங்களுக்கு 16-ஐக் கேட்கவும் பதில் சொல்லவும் கட்டணம் இல்லாத உரிமம் கொடுங்கள் என்று கேட்க வழி இருக்கிறது. புது அலைவரிசை வேண்டாம், பழைய பட்டாவில் பெயர் சேர்த்தால் போதும்.

போலீஸ் மைக்கோடு சேர்க்க ஓர் இணைப்புப் பெட்டி இருக்கிறது. ஒரு செட்டில் கேட்பதை மறு செட்டில் ஒலிபரப்பும். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையில், 1077 எண் ஒலிக்கும் மேசையில் வைத்துவிட்டால் தேவைப்படும்போது கோத்துவிடலாம், மற்ற நேரம் அவிழ்த்துவிடலாம்.

பழைய மைக், மதியம் 2.25

இணைப்புப் பெட்டிக்கு நான் எதிர். ராத்திரி இரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் யாரோ கோத்துவிட்டு அவிழ்க்க மறந்தால் ரோந்து முழுக்கக் கடலில் ஒலிபரப்பாகும். என் அனுபவத்தில் சொல்கிறேன், மறப்பார்கள்.

இரவுப்பணி, மாலை 4.00

கோப்பதற்கு முன்னால் 20 தடவை ஒத்திகை பார்க்கட்டும். மறக்கிறவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கிறதா? ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. புயல்கூட இல்லை, கூண்டும் இல்லை. அன்று யார் எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்த புகைப்படங்களைப் பார்த்துத்தான்.

வத்தைக்காரன், இரவு 8.35

மனுவை எழுதிவிட்டேன். கையால் எழுதியதை அப்படியே தட்டச்சு செய்கிறேன்.

"தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் உள்ள தீயணைப்பு நிலையங்களுக்கும் ஆம்புலன்ஸ் நிற்கும் இடங்களுக்கும் 16-ஆம் சேனல் செட்டும் கட்டணமில்லாத கரை நிலைய உரிமமும் பெற்றுத் தர வேண்டும். எல்லா இறங்குதுறைகளுக்கும் எண் கொடுத்து, கடலிலிருந்தும் ரோட்டிலிருந்தும் தெரிகிறபடி எழுத வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் போலீஸ் மைக்கையும் கடல் செட்டையும் தேவையின்போது இணைக்கும் வசதி வேண்டும், மாதம் ஒரு முறை எல்லாத் துறையும் சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும், அதில் எங்கள் படகுகளும் கலந்துகொள்ளும். அவசரத் துறைகளுக்கான தனி அலைக்கற்றை வலைப்பின்னலைச் சோதிக்கும் மண்டலங்களில் ராமநாதபுரத்தையும் சேர்க்க மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். 16-ஆம் சேனலில் பாட்டுப் போடும் படகுகளுக்கு எங்கள் சங்கமே அபராதம் விதிக்கும்."

கடைசி வரிக்கு வீட்டில் திட்டு விழுந்தது. இருந்தாலும் வைத்திருக்கிறேன்.

கோபுரம்42, இரவு 8.50

தனி வலைப்பின்னல் வரியை எடுத்துவிடுங்கள் அண்ணே. அதைப் பார்த்ததும் "இது டெல்லி விஷயம்" என்று சொல்லி மொத்த மனுவையும் மேலே தள்ளிவிடுவார்கள். பெயிண்ட்கூட வராது.

பழைய மைக், இரவு 9.02

அந்த வரி இருக்கட்டும், இணைப்பு வசதி வரியை எடுங்கள். எடுத்தால் நானும் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

வத்தைக்காரன், இரவு 9.10

இரண்டையும் எடுக்கவில்லை. தனி வலைப்பின்னல் வரியை மட்டும் தனித்தாளில் இரண்டாவது மனுவாக எழுதி மாற்றிவிடுகிறேன், கோபுரம் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. மைக் ஐயா, கையெழுத்து வேண்டாம், ஆனால் கூட்டத்துக்கு வாருங்கள். இணைப்பு வரி வரும்போது எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள். கலெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும்.

பழைய மைக், இரவு 9.40

வருகிறேன். எதிர்த்துத்தான் பேசுவேன்.